தோட்டத்தில் குரங்கு செத்துக் கிடந்தது, அப்பாவுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல்

பத்ராவதிப் பொண்ணு
பிப்ரவரி 9, காலை 6.50

வணக்கம். யாராவது விவரம் தெரிந்தவர்கள் பார்த்தால் உடனே பதில் போடுங்கள்.

அப்பாவுக்கு வயது 61. பத்ராவதி இரும்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது தீர்த்தஹள்ளி பக்கம் ஒருவருடைய பாக்குத் தோட்டத்தை மேற்பார்வை பார்த்துக்கொண்டு அம்மாவோடு அங்கேயே இருக்கிறார். நான் சென்னையில்.

போன திங்கள்கிழமை, 5ஆம் தேதி, மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் குளிருகிறது என்று எழுந்தாராம். அரை மணி நேரத்தில் 103. அன்றிலிருந்து காய்ச்சல் இறங்கவே இல்லை. தலைவலி, முதுகிலும் கெண்டைக்காலிலும் அடித்துப்போட்ட மாதிரி வலி. வீடியோவில் பார்த்தேன், இரண்டு கண்ணும் மிளகாய்ப்பொடி விழுந்த மாதிரி சிவந்திருக்கிறது. நேற்றிலிருந்து வாந்தி.

பக்கத்து கிளினிக்கில் டெங்கு என்று சொல்லி அதற்கான என்எஸ்1 ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள், நெகட்டிவ். தட்டணு 78 ஆயிரம், வெள்ளையணு 2,100. வலிக்கு இடுப்பில் ஊசி போட்டு, ஏதோ மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

நேற்று ராத்திரி அம்மா பேச்சுவாக்கில் சொன்னார்: பத்து நாளுக்கு முன்னால் தோட்டத்து வேலிக்கு வெளியே ஒரு குரங்கு செத்துக் கிடந்ததாம், அப்பாதான் கம்பால் தள்ளிப் பள்ளத்தில் போட்டாராம். கிளினிக்கில் இதைச் சொல்லவே இல்லை. "அதையெல்லாம் போய் டாக்டர்கிட்ட சொல்வாங்களா" என்கிறார் அம்மா.

இது குரங்கு காய்ச்சலா? 2020இல் அப்பா அதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார், இரண்டு ஊசி. எந்தப் பரிசோதனை எடுக்க வேண்டும்? பேசாமல் சென்னைக்குக் கூட்டி வந்துவிடவா? அம்மாவுக்கும் தொற்றுமா?

---

அண்ணாநகர் ஆறுமுகம்
பிப்ரவரி 9, காலை 7.25

பயப்படாதீங்க மேடம். இது உண்ணிக் காய்ச்சல். எங்க மாமனாருக்குப் போன வருஷம் இதேதான், தட்டணு 60 ஆயிரத்துக்கு இறங்கியது. டாக்ஸிசைக்ளின் போட்டதும் இரண்டே நாளில் எழுந்து உட்கார்ந்தார். கூடவே பப்பாளி இலைச் சாறு கொடுங்க. சென்னைக்குக் கூட்டி வாங்க, இங்கே எல்லா டெஸ்ட்டும் இருக்கு.

---

கார்கல் நர்ஸ்
பிப்ரவரி 9, காலை 8.10

தங்கச்சி, சென்னைக்கெல்லாம் கிளம்பாதே. இன்றைக்கே, இப்போதே, அப்பாவைத் தாலுகா அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போகச் சொல். போனதும் அம்மா சொல்ல வேண்டியது மூன்றே விஷயம்: 5ஆம் தேதி காய்ச்சல் தொடங்கியது, குரங்கு செத்துக் கிடந்தது, அதை இவர் தொட்டார். "மங்கன காயிலே", அதாவது குரங்கு காய்ச்சல், இருக்குமோ என்று கன்னடத்திலேயே கேட்கட்டும். அந்தத் தாலுகாவில் அந்த வார்த்தை காதில் விழுந்தால் மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். சென்னையில் போய்க் குரங்கு காய்ச்சல் என்றால் பாதிப் பேர் குரங்கம்மை என்று நினைத்துத் தோலைப் பார்ப்பார்கள். அது வேறு, இது வேறு.

போன் பண்ணிவிட்டு வந்து மிச்சத்தைப் படி.

நான் கூடலூர்க்காரி. கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்து பதினேழு வருஷம் ஆகிறது, சாகர தாலுகாவில் நர்ஸ் வேலை. 2018 டிசம்பரில் அரளகோடு பக்கம் இது கிளம்பியபோது நான் வார்டில் இருந்தேன். 2019 ஜனவரியில் என் வீட்டுக்காரரே அதே வார்டில் வந்து படுத்தார். மின்கம்பி பார்க்கிற வேலை, காட்டுக்குள்தான் நடை. அதனால் புத்தகத்தில் இருப்பதைவிட அவர் பட்டதை வைத்தே சொல்கிறேன்.

ஆறுமுகம் அண்ணா சொன்னதில் ஒரு குழப்பம் இருக்கிறது, அது அவர் தப்பில்லை, பேர் வைத்தவர்கள் தப்பு. தமிழ்நாட்டில் பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது ஸ்க்ரப் டைபஸ். அதைக் கடத்துவது உண்ணிகூட இல்லை, கண்ணுக்கே தெரியாத ஒரு சிற்றுயிரின் குஞ்சு. கிருமி ஒரு பாக்டீரியா, அதனால் டாக்ஸிசைக்ளின் கேட்கும். குரங்கு காய்ச்சலைக் கடத்துவதுதான் நிஜமான உண்ணி, ஆனால் உள்ளே இருப்பது வைரஸ். டெங்கு வைரஸின் சொந்தக்காரன். டாக்ஸி அதை ஒன்றும் செய்யாது. ஆனாலும் முடிவு வரும்வரை டாக்டர் டாக்ஸி எழுதினால் வேண்டாம் என்று சொல்லாதே. ஸ்க்ரப் டைபஸும் அந்தக் காட்டில் இருக்கலாம், அதைத் தவறவிடக் கூடாது. அக்குள், தொடையிடுக்கு, அரைஞாண் கட்டுகிற இடத்திலெல்லாம் சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று அம்மாவைப் பார்க்கச் சொல். இருந்தால் அது ஸ்க்ரப் பக்கம் கை காட்டும். இல்லை என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது.

நீ சொன்ன ரத்தக் கணக்கு டெங்குவுக்கும் பொருந்தும், இதற்கும் பொருந்தும். தட்டணு, வெள்ளையணு இரண்டும் இறங்குவது இரண்டிலும் உண்டு. எங்கள் கண்ணில் முதலில் படுவது வேறு: திடீரென்று, மணி சொல்கிற அளவுக்குத் திடீரென்று, தொடங்குகிற காய்ச்சல். சிவந்த கண். எழுந்து கழிப்பறைக்குப் போக முடியாத அசதி. அப்புறம் நாடி. 103 காய்ச்சலில் நாடி தறிகெட்டு ஓட வேண்டும், இதில் பல பேருக்கு ஓடாது. என் வீட்டுக்காரருக்கு 72தான் இருந்தது, ரத்த அழுத்தமும் தாழ்ந்து கிடந்தது. வாயைத் திறக்கச் சொன்னால் மேலண்ணத்தில் சின்னச் சின்னக் கொப்புளம். மூத்த டாக்டர் ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பரிசோதனைக்கு எத்தனையாவது நாள் என்பதுதான் முக்கியம். முதல் வாரத்தில் வைரஸே ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும், ஆர்டி-பிசிஆர் அதைப் பிடித்துவிடும். ஐந்தாறு நாள் போனால் உடம்பு எதிர்ப்பணு உண்டாக்கத் தொடங்கும், அப்போது அந்த எதிர்ப்பணுவைத் தேடுகிற ஐஜிஎம் எலைசா. அப்பாவுக்கு இன்று ஐந்தாம் நாள், இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். இரண்டையும் எடுப்பார்கள். மூன்றாம் நாளில் எலைசா மட்டும் எடுத்து நெகட்டிவ் என்று வீட்டுக்கு அனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தனியார் லேபில் இது கிடைக்காது, தேடி நேரத்தை வீணாக்காதே. ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து ஷிவமொக்காவில் இருக்கிற வைரஸ் ஆய்வகத்துக்கு அரசு மருத்துவமனையே அனுப்பும். ஆபத்தான வைரஸ், எல்லா இடத்திலும் கையாள விடமாட்டார்கள்.

கிளினிக்கில் போட்டது டைக்ளோஃபெனாக் ஊசியாக இருந்தால் இனி வேண்டவே வேண்டாம். புரூஃபென், ஆஸ்பிரின் எதுவும் கூடாது. தட்டணு குறைந்திருக்கும்போது அதெல்லாம் ரத்தக்கசிவைக் கூட்டும், இடுப்பு ஊசியே உள்ளே ரத்தம் கட்ட வைக்கும். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் மட்டும், அதுவும் டாக்டர் சொன்ன கணக்கில். பப்பாளிச் சாறு, நிலவேம்பு என்று வாந்தி எடுக்கிற வயிற்றில் ஊற்றாதீர்கள். கஞ்சித் தண்ணீர், இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல். குடிக்க முடியாவிட்டால் டிரிப்.

இந்த வைரஸைக் கொல்ல மருந்து இல்லை. உடம்பு அதை ஜெயிக்கும்வரை நீர்ச்சத்தும் ரத்த அழுத்தமும் விழாமல் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். நூற்றில் மூன்று முதல் ஐந்து பேர் வரை இறந்துபோவதாகச் சொல்வார்கள். மறைத்து என்ன ஆகப் போகிறது, ஆனால் நீ மிச்சத் தொண்ணூற்றைந்தைப் பார். ஈறில் ரத்தம், மூக்கில் ரத்தம், மலம் தார் மாதிரி கருப்பாகப் போவது, சிறுநீர் குறைவது, பேச்சு குழறுவது, இதில் ஒன்று தெரிந்தாலும் அந்த நிமிஷமே நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

அம்மாவுக்கு அப்பாவிடமிருந்து தொற்றாது. மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவுவதில்லை. ஆனால் அப்பாவைக் கடித்த உண்ணியின் கூடப் பிறந்ததுகள் அந்தத் தோட்டத்தில்தான் இருக்கும். அம்மா மாட்டுக் கொட்டகைக்குக் காட்டுச் சருகு அள்ளிவருகிறாரா?

---

பத்ராவதிப் பொண்ணு
பிப்ரவரி 9, இரவு 9.40

அக்கா, தாலுகா ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. நீங்கள் சொன்ன மூன்றையும் அம்மா சொன்னாராம், பத்து நிமிஷத்தில் ரத்தம் எடுத்தார்கள். டிரிப் ஏறுகிறது. பொருக்கு எதுவும் இல்லை. ஆமாம், சருகு அள்ளுகிறார், நேற்றுகூட அள்ளியிருக்கிறார்.

தடுப்பூசி போட்டும் எப்படி வந்தது?

---

கார்கல் நர்ஸ்
பிப்ரவரி 10, காலை 5.55

அந்த ஊசியைப் பற்றிக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், பொறுத்துக்கொள். 1990 வாக்கில் இருந்து கர்நாடகத்தில் போட்டுவந்தார்கள். ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, ஆறு முதல் ஒன்பது மாதத்தில் பூஸ்டர், பிறகு வருஷா வருஷம். ஊரூராகப் போய் ஆய்ந்து பார்த்ததில் இரண்டு ஊசிக்கு 62 சதவீதம், பூஸ்டரும் போட்டவர்களுக்கு 83 சதவீதம் பாதுகாப்பு என்று வந்தது. உன் அப்பா மாதிரி இரண்டோடு நிறுத்தியவர்கள்தான் எங்கள் பக்கமும் அதிகம். வலி பிராணன் போகும் என்று இரண்டாவதுக்கே பலர் வரமாட்டார்கள். 2020இல் போட்ட இரண்டு ஊசியை நம்பி இன்று காட்டுக்குள் போக முடியாது. கடைசியில் அந்த ஊசியையே நிறுத்திவிட்டார்கள். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) புதிதாக ஒன்றை உருவாக்கிச் சோதித்துவருகிறது. அதுவரை உண்ணி அண்டாமல் தடவுகிற எண்ணெய்தான், அதைப் பிறகு சொல்கிறேன்.

அம்மாவிடம் சருகை நிறுத்தச் சொல். கொட்டகையில் இருப்பதைக் கையால் தொடாமல் வெளியே தள்ளட்டும். இன்று உடம்பு முழுக்கத் தேடிப் பார்க்கட்டும்: காதுமடலுக்குப் பின்னால், மார்புக்கு அடியில், முழங்கால் மடிப்பில். கடிப்பது பெரும்பாலும் இளம்பருவத்து உண்ணி, கசகசாவைவிடக் கொஞ்சம் பெரிது. மச்சம் என்று விட்டுவிடத் தோன்றும். மாட்டின் மேல் பாக்கு மாதிரி உப்பித் தொங்குகிறதே அதைத் தேடினால் இது கிடைக்காது. இருந்தால் மெல்லிய முனையுள்ள இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய், ஊதுபத்திச் சூடு, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். நகத்தால் நசுக்கவும் கூடாது.

---

பந்தலூர் மாணிக்கம்
பிப்ரவரி 10, காலை 10.15

சகோதரி, குரங்கு பற்றி ஒரு விஷயம். அந்தப் பள்ளம் இப்போதும் ஆபத்தான இடம். குரங்கு செத்து உடம்பு ஆறியதும் அதன் மேல் இருந்த உண்ணியெல்லாம் இறங்கி அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கும். வனத்துறைக்கோ சுகாதாரத்துறைக்கோ சொன்னால் செத்த இடத்தைச் சுற்றி மாலத்தியான் என்ற பூச்சிக்கொல்லித் தூள் தூவுவார்கள்.

நான் எஸ்டேட்டில் சூப்பர்வைசர். எங்களுக்கு இது புதிசு. 1957இல் ஷிவமொக்கா மாவட்டம் சொரப தாலுகாவில் கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்துக்கொத்தாகச் செத்தபோதுதான் இந்த வியாதியே வெளியே தெரிந்தது. அப்போது மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்கு வந்துவிட்டதோ என்றுகூடப் பயந்தார்களாம். அம்பது வருஷத்துக்கு மேல் அந்த மலைநாட்டோடு நின்றது. 2012 கடைசியில் பந்திப்பூரில் செத்த குரங்குகளை எடுத்து எரித்த ஆட்களுக்கு வந்தது. அந்தச் சீசனிலேயே எங்கள் நீலகிரிப் பக்கக் குரங்கிலும் கண்டுபிடித்தார்கள். பிறகு வயநாடு, 2015இல் அங்கே பெரிதாகவே வந்தது. கோவாவில் சத்தரி தாலுகாவில் முந்திரிக்கொட்டை பொறுக்கப் போனவர்களுக்கு வந்தது. எரிக்கப் போனவன், பொறுக்கப் போனவன், சருகு அள்ளப் போனவள் என்று வேலைக்குப் போனவர்களைத்தான் இது பிடிக்கிறது.

எங்கள் ஆட்களிடம் நான் சொல்லிவைத்திருப்பது ஒன்றுதான். செத்த குரங்கைப் பார்த்தால் கம்பாலும் தொடாதே, எனக்கு போன் போடு.

---

பத்ராவதிப் பொண்ணு
பிப்ரவரி 14, இரவு 8.20

11ஆம் தேதி பிசிஆர் பாசிட்டிவ் என்று வந்தது. ஷிவமொக்காவுக்கு மாற்றினார்கள், நானும் போய்விட்டேன். தட்டணு 41 ஆயிரம் வரை இறங்கியது, ஈறில் மட்டும் கொஞ்சம் ரத்தம். நேற்றிலிருந்து காய்ச்சல் இல்லை. இன்று தட்டணு 1 லட்சத்து 10 ஆயிரம். நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அப்பா பாக்கு உரிக்க ஆள் வந்ததா என்று கேட்கத் தொடங்கிவிட்டார்! ஆறுமுகம் சார், கார்கல் அக்கா, மாணிக்கம் அண்ணன், எல்லோருக்கும் நன்றி. முடிந்தது என்று நினைக்கிறேன்.

---

கார்கல் நர்ஸ்
பிப்ரவரி 14, இரவு 10.05

நல்ல செய்தி. ஆனால் முடிந்தது என்று இப்போது சொல்லாதே தங்கச்சி.

என் வீட்டுக்காரருக்கும் பத்தாம் நாள் காய்ச்சல் நின்றது. வீட்டுக்கு வந்தோம், கறிக்குழம்பு வைத்தேன், பக்கத்து வீட்டுக்குக்கூடக் கொடுத்தேன். நன்றாகவே இருந்தார். பதினெட்டாம் நாள் காலையில் காபி கொடுத்தால் டம்ளர் கையில் நிற்கவில்லை, சட்டையெல்லாம் காபி. "குளிருதா" என்று கேட்டேன். "யாரு நீ" என்று கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். நர்ஸாக இருந்தும் சிரித்தேன். அரை மணி நேரம் போனபிறகுதான் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன்.

இந்தக் காய்ச்சல் பத்தில் ஒருவர் இருவருக்கு இரண்டாவது தடவை வரும். முதல் காய்ச்சல் நின்று ஒன்றிரண்டு வாரம் சும்மா இருக்கும், அப்புறம் திரும்பும். திரும்பும்போது மூளை நரம்பைத் தொடும்: கடுமையான தலைவலி, கழுத்து விறைப்பு, கைநடுக்கம், பார்வை மங்கல், குழப்பம். அதிலிருந்தும் பெரும்பாலானவர்கள் மீண்டுவிடுகிறார்கள், ஆனால் ஆஸ்பத்திரியில் இருந்தாக வேண்டும்.

அதனால் ஒரு காலண்டரை எடு. 5ஆம் தேதியை ஒன்று என்று எழுது. அங்கிருந்து முப்பது வரைக்கும் எண்ணை எழுதி அப்பா கட்டில் எதிரே மாட்டு. தினமும் காலையிலும் சாயங்காலமும் காய்ச்சல் பார்த்து அதில் குறி. இன்னொன்று, தினமும் அவர் பெயரை ஒரு தாளில் எழுதச் சொல், கையெழுத்தைப் பார். இது எந்த டாக்டரும் சொன்னதில்லை, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. தோட்டம், பாக்கு, சைக்கிள் எதுவும் முப்பதாம் நாள் வரை கிடையாது.

---

பத்ராவதிப் பொண்ணு
மார்ச் 8, மாலை 4.30

அக்கா, எழுதவே நேரம் கிடைக்கவில்லை. 23ஆம் தேதி, காலண்டரில் 19. காலையில் 100.4. தலைவலி என்றார், அப்பா அப்படியெல்லாம் சொல்கிறவர் இல்லை. தாளை நீட்டினேன். "ப"வுக்கு மேல் கோடு இழுத்து, அங்கேயே பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்பது மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்தோம். எட்டு நாள் இருந்தார். இரண்டு நாள் என்னை அத்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

இப்போது வீட்டில். சுயநினைவு தெளிவு. கைநடுக்கம் கொஞ்சம் இருக்கிறது, போய்விடும் என்கிறார்கள். நடந்தால் பத்தடியில் உட்கார்ந்துவிடுகிறார். அம்மாவுக்கு ஒன்றுமில்லை. சுகாதாரத்துறை ஆட்கள் வந்து பள்ளத்தைச் சுற்றித் தூள் தூவிவிட்டு, இரண்டு பாட்டில் எண்ணெய் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதை எப்படிப் போட வேண்டும்? அம்மாவுக்குப் பிசுபிசுப்புப் பிடிக்கவில்லை. அப்பா இப்போதே தோட்டத்துக்குத் தேதி கேட்கிறார்.

---

கார்கல் நர்ஸ்
மார்ச் 8, இரவு 9.15

என் வீட்டுக்காரருக்கு நடுக்கம் போக இரண்டு மாதம் ஆனது. அசதி அதற்கு மேலும் இருந்தது. அவசரப்படுத்தாதே.

அது டெபா எண்ணெய், டிஆர்டிஓ என்கிற ராணுவ ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது. காட்டுக்கோ தோட்டத்துக்கோ இறங்குவதற்கு முன்னால் பாதத்திலிருந்து முழங்கால் வரை, கை, கழுத்து எல்லாம் தடவ வேண்டும். கண், வாய், புண் மேல் படக் கூடாது. சில மணி நேரம்தான் தாங்கும், காலையில் தடவியது சாயங்காலத்துக்கு வராது. முழுக்கால் சட்டை போட்டு, அதன் முனையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளட்டும். சருகு மேல் உட்காரவே கூடாது. திரும்பி வந்ததும் சோப்புப் போட்டுச் சுடுதண்ணீர்க் குளியல், துணியையும் சுடுதண்ணீரில் போட வேண்டும். மழை பிடிக்கிற ஜூன் வரைக்கும் இதுதான். பிசுபிசுப்புக்கு எல்லோரும் அழுகிறார்கள், என் வீட்டுக்காரரும் அழுவார், நான் விடுவதில்லை.

அப்பா வெற்றிலை போடுகிறவரா? அப்படியானால் எண்ணெய் தடவின கையோடு சுண்ணாம்பு டப்பாவைத் திறக்கவிடாதே. முதலில் உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். எங்கள் வீட்டில் முதல் நாளே அது நடந்தது, நாக்கு மரத்துப்போய் ராத்திரி வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்.